போன் கேமராவில் ஒரு வீட்டின் இரட்டை: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி வீடு விலை பேசி முடிந்தபோது, வாங்கியவர் இடிக்கப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். சாவி கொடுக்க இரண்டு வாரம் இருந்தது. தார்சா, பட்டாசல் (நடுக்கூடம்), மச்சு, புறவாசல் என்று மொத்த வீட்டையும் என் போனில் படம் படமாக எடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்து, உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி ஒரு மாடல் செய்துவைத்தேன். அதைப் பார்த்தவர்கள் "எங்க வீட்டையும் இப்படிப் பண்ண முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்ட கேள்விகளே திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

டிஜிட்டல் இரட்டை என்கிறார்களே, அது வெறும் 3டி மாடல்தானே?

கறாராகச் சொன்னால் இரண்டும் ஒன்றல்ல. தொழிற்சாலைகளில் ஓர் இயந்திரத்தின் சூடு, அதிர்வு, ஓட்டம் எல்லாவற்றையும் சென்சார்கள் நிமிடத்துக்கு நிமிடம் அனுப்ப, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதன் நகல் அதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். அந்த நகலைத்தான் டிஜிட்டல் இரட்டை என்றார்கள். நம் வீட்டு மாடலுக்கு அப்படி உயிரோட்டம் கிடையாது, ஒரு நாளில் வீடு எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறை மறுபடி எடுத்து முந்தியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தப் பெயருக்குக் கொஞ்சம் கிட்டே வந்துவிடும். பெயருக்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

இதற்கு என்ன கேமரா வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். கையில் இருக்கிற போன் போதும். 12 மெகாபிக்சல் படம் என்றால் குறுக்கே 4000 புள்ளிகள். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்றால், வழக்கமான போனின் முதன்மை லென்ஸில் ஏறக்குறைய 6.6 மீட்டர் அகலம் விழும். வகுத்துப் பாருங்கள், ஒரு புள்ளிக்கு 1.7 மி.மீ.கூட வராது. காரைச் சுவரின் விரிசல் கண்ணுக்குத் தெரிய இது தாராளம்.

போனில் சில விஷயங்களை மட்டும் அடக்கிவைக்க வேண்டும். 1 எக்ஸ் லென்ஸை விட்டு நகரக் கூடாது. ஜூம் ஆகாது. 0.5 எக்ஸ் அகல லென்ஸ் ஓரங்களை வளைத்துக் காட்டும், அதுவும் ஆகாது. போர்ட்ரெய்ட், அழகூட்டும் பில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுவருக்கும் அப்படிப் பூட்டிக்கொண்டு எடுங்கள். லென்ஸைத் துடைப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். சட்டைப் பையில் கிடக்கிற போனின் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத நாள் கிடையாது.

இன்னொன்று முக்கியம். எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கம்ப்யூட்டருக்கு மாற்றாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். எந்த லென்ஸ், என்ன குவியத் தூரம் என்று படத்துக்குள் ஒளிந்திருக்கும் குறிப்புகளையும் உதிர்த்துவிடும். மென்பொருளுக்கு அந்தக் குறிப்புகள்தான் முதல் பிடி. ஒரு நண்பர் திருக்குறுங்குடியில் நாள் முழுக்க அலைந்து எடுத்ததை இப்படித்தான் அனுப்பினார். நான் திரும்பப் போய்க் கேபிளோடு வாங்கிவந்தேன்.

எந்தப் படம் எங்கே சேரும் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாம் படங்களை வரிசையாக அடுக்கித் தருவதில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்றும் சொல்வதில்லை. ஒரு போல்டரில் கொட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

முதலில் ஒவ்வொரு படத்திலும் அடையாளம் காணத்தக்க புள்ளிகளை அது தேடும். உரிந்த பெயின்ட்டின் ஓரம், செங்கல்லின் மூலை, நிலைக்கதவில் இருக்கும் ஆணித்தலை, இந்த மாதிரி. ஒரு படத்திலேயே ஆயிரக்கணக்கில் எடுக்கும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி இருக்கும் வெளிச்ச மாற்றத்தை எண்களாக எழுதி ஒரு கைரேகை போல வைத்துக்கொள்ளும். கிட்ட இருந்து எடுத்தாலும் எட்ட இருந்து எடுத்தாலும், கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் அந்தக் கைரேகை பெரிதாக மாறாது. டேவிட் லோ என்பவர் 1999ல் வெளியிட்ட சிஃப்ட் என்ற முறைதான் இதற்கு வலுவான அடித்தளம். இன்றும் பல மென்பொருள்கள் அதன் வழியில்தான் போகின்றன.

அப்புறம் கைரேகைகளை ஒப்பிடும் வேலை. 600 படம் கொடுத்தால், ஒன்றை மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட 1,79,700 ஜோடிகள் வரும். கம்ப்யூட்டர் இரைவது இதனால்தான். ஒப்பிட்டதில் தவறான பொருத்தங்களும் ஏராளமாக வந்து சேரும். இரண்டு கேமராக்கள் எப்படி நின்றிருந்தால் இத்தனை புள்ளிகளும் ஒரே நேரத்தில் சரியாக விழும் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்குக்கு ஒத்துவராதவற்றைத் தள்ளிவிடும்.

மிச்சம் இருப்பது முக்கோணக் கணக்கு. ஒரே ஆணித்தலையை இரண்டு இடத்தில் நின்று பார்த்தால், இரண்டு பார்வைக் கோடுகளும் எங்கே வெட்டுகின்றனவோ அங்கேதான் அது இருக்கிறது. 1802ல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை தேசத்தையே அளந்தது இந்தச் சூத்திரத்தால்தான். அங்கே கருவியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மலைமேல் ஏறினார்கள். இங்கே போனோடு நாம் திண்ணையில் ஏறுகிறோம். இரண்டு படத்தில் ஆரம்பித்து, மூன்றாவதைச் சேர்த்து, நான்காவதைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எல்லாக் கேமராக்களையும் எல்லாப் புள்ளிகளையும் மறுபடி குலுக்கி உட்காரவைக்கும். தையல்காரர் துணியை முழுக்க ஓட்டுத்தையல் போட்டுவிட்டு, பிறகு இழுத்து இழுத்துச் சுருக்கம் எடுப்பதைப் போல. இந்தக் குலுக்கலில்தான் மாடலின் துல்லியமே இருக்கிறது.

கடைசியில் உங்கள் 600 படங்களும் எங்கெங்கே நின்று எடுக்கப்பட்டன என்று ஒரு வரைபடம் வரும். என் மாடலில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது, வீட்டுக்குள் நான் நடந்த பாதை முழுக்கத் தெரிந்தது. மச்சுப்படியில் தலை இடித்துப் பின்வாங்கிய இடம் உட்பட.

இது புதிய கண்டுபிடிப்பா?

கம்ப்யூட்டர் பங்கு புதியது, யோசனை பழையது. 1858ல் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மைடன்பாயர் என்ற இளம் கட்டடக் கலைஞர் வெட்ஸ்லார் பேராலயத்தை அளக்க மேலே ஏறி, விழப்போய்த் தப்பினார். ஏறாமல் படத்திலிருந்தே அளந்தால் என்ன என்று தோன்றியது அன்றைக்குத்தான். பிறகு பெர்லினில் இதற்கென்றே 1885ல் அரசு நிறுவனம் ஏற்பட்டது. முழுக்கத் தானியங்கியாக ஆனது வெகு பின்னால். 2009ல் சுற்றுலாப் பயணிகள் ரோம் நகரில் எடுத்து இணையத்தில் போட்டிருந்த ஏறக்குறைய 1,50,000 படங்களை ஒரு நாளுக்குள் கம்ப்யூட்டர்கள் தாமாகவே பொருத்திக் காட்டின.

எப்படி நடந்து எடுக்க வேண்டும்?

இதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல கேமராவில் மோசமாக நடந்து எடுத்த படத்தைவிட, சுமாரான போனில் ஒழுங்காக நடந்து எடுத்தது எவ்வளவோ மேல்.

முதல் தடவை நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பட்டாசலின் நடுவில் நின்றேன். காலை எடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினேன். நாற்பது படம். வீட்டுக்கு வந்து ஓட்டினால், அறை ஊதிய பூரி மாதிரி வந்தது, இரண்டு சுவர் வரவே இல்லை. காரணம் எளிது. நின்ற இடத்திலேயே திரும்பினால் எல்லாப் பார்வைக் கோடுகளும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. முக்கோணத்துக்கு அடிக்கோடே இல்லை. ஆழம் எங்கிருந்து வரும்?

சரியான வழி இது. முதுகை ஒரு சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவரைப் பார்த்து ஒரு படம். ஓர் எட்டு பக்கவாட்டில் நகருங்கள், அடுத்த படம். இப்படியே நான்கு சுவர்களிலும் முதுகைத் தேய்த்துக்கொண்டு ஒரு சுற்று. 3 மீட்டர் தூரத்தில் உள்ள சுவர் என்றால் படத்தில் 4 மீட்டர் அகலம் விழும். ஓர் எட்டு நகர்ந்தால் முந்திய படத்தில் இருந்ததில் முக்கால் பாகத்துக்கு மேல் அடுத்த படத்திலும் இருக்கும். அதுதான் தேவை. எந்தப் புள்ளியும் குறைந்தது மூன்று படங்களில் விழ வேண்டும். அடுத்த சுற்றில் போனைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே சாய்த்து எடுங்கள். மூன்றாவது சுற்று இடுப்பு உயரத்தில், உத்திரத்தையும் மேல்தளத்தையும் பார்த்து.

அறைக்கு அறை போகும் இடம் அடுத்த கண்டம். பட்டாசலும் அடுக்களையும் தனித்தனியாக அருமையாக வரும், ஆனால் ஒன்றோடொன்று சேராது. நிலைவாசலில் நின்று நிதானமாக எடுக்க வேண்டும். உள்ளே இருந்து வாசலைப் பார்த்து நாலு படம், நிலைப்படியிலேயே நின்று இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி ஏழெட்டு, வெளியே போய்த் திரும்பிப் பார்த்து நாலு. நெல்லையப்பர் கோயிலுக்கும் காந்திமதியம்மன் கோயிலுக்கும் நடுவே சங்கிலி மண்டபம் இருக்கிறதல்லவா? அது இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனிக் கோயில்கள். வாசல் படங்கள் உங்கள் மாடலின் சங்கிலி மண்டபம்.

வெளிப்புறம் எடுக்கும்போது ஆரம்பித்த இடத்துக்கே வந்து முடியுங்கள். நீளமான தெருவை ஒரே திசையில் எடுத்துக்கொண்டே போனால், ஒவ்வோர் எட்டிலும் ஒரு சின்னப் பிழை சேர்ந்து, தெருக்கோடியில் மாடல் வாழைப்பழம் போல வளைந்திருக்கும். சுற்றி வந்து முதல் வீட்டை மறுபடி எடுத்தால் அந்தப் பிழை பிடிபட்டுப் பரவலாகப் பிரிந்துவிடும்.

மொத்தம் எத்தனை படம்?

ஒரு தூண் அல்லது சிலை என்றால் 60 முதல் 100. வீட்டு முகப்பு மட்டும் என்றால் 100 முதல் 150. ஆச்சி வீடு முழுவதற்கும் 840 ஆனது. கூடுதலாக எடுத்ததற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

வெள்ளையடித்த சுவர் ஓட்டையாக வருகிறதே?

வரத்தான் செய்யும். புதுச் சுண்ணாம்புச் சுவரில் கைரேகை எடுக்க ஒன்றுமே இல்லை. பழைய, பாசி படிந்த, பெயின்ட் உரிந்த சுவர்தான் இந்த வேலைக்குச் சொர்க்கம். வெறும் சுவரில் பழைய பேப்பர் தாள்களை மாஸ்கிங் டேப்பால் அங்கங்கே ஒட்டி எடுக்கலாம். பசை போட்டு ஒட்டினால் எடுக்கும்போது காரை கையோடு வரும். தொங்கவிடத் தோதாகப் பத்தமடைப் பாயைப் பிடித்தேன் ஒரு தடவை, அது உதவவில்லை. பாய் முழுக்க ஒரே மாதிரிக் கோடு, எந்தக் கோடு எது என்று மென்பொருள் குழம்பிவிட்டது. செய்தித்தாளில் ஓர் இடம் போல இன்னோர் இடம் இருக்காது.

மெருகேற்றிய சிவப்புச் சிமெண்ட் தரை, பித்தளைப் பானை, கண்ணாடி போட்ட சாமி படங்கள் எல்லாம் தொல்லைதான். பளபளப்பில் விழும் வெளிச்சம் நாம் நகர நகரக் கூடவே நகரும். சாமி படங்களைக் கழற்றிவைக்க முடியாவிட்டால் துணியால் மூடி எடுங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு. தரையில் கோலப்பொடியைத் தாறுமாறாகத் தூவிவிட்டால் போதும், நன்றாகப் பிடிக்கும்.

கோலம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு தெரு முகப்பை இரண்டு நாளாக எடுத்தேன். முதல் நாள் போட்ட கோலமும் மறுநாள் கோலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, வாசல் முழுக்க வெள்ளைப் புகை மாதிரி வந்தது. வாசலை ஒரே காலையில் முடித்துவிடுங்கள். கொடியில் காயும் துணி, ஆடும் வாழையிலை, நிறுத்தி எடுக்கிற பைக், எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

12 தூண் உள்ள மண்டபத்தில் 10 தூண்தான் வந்தது. ஏன்?

தூண்கள் ஒரே அச்சு. மூன்றாவது தூணையும் நான்காவது தூணையும் ஒன்றென்று நினைத்து மடித்துவிட்டது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் தாமிரபரணியின் மேல் 1843ல் கட்டி முடித்த சுலோசன முதலியார் பாலத்துக்கு 11 வளைவுகள். பழகுவதற்காகக் கரையில் நடந்து எடுத்தேன், 9 வளைவோடு வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது, எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். இந்த மாதிரிப் பிழை அபாயமானது, உடைந்து வந்தாலாவது தெரிந்துவிடும்.

மருந்து மூன்று. ஒரு படத்துக்கு ஒரு தூண் என்று எடுக்காமல், மூன்று நான்கு தூண்களும் அவற்றுக்குப் பின்னால் இருப்பதும் சேர்ந்து விழுமாறு எடுப்பது. ஒவ்வொரு தூணிலும் வேறு வேறு பேப்பர் தாளைச் சுற்றுவது. மென்பொருளில் 'எல்லாவற்றோடும் ஒப்பிடு' என்பதை மாற்றி, வரிசையில் அடுத்தடுத்து வரும் படங்களோடு மட்டும் ஒப்பிடச் சொல்வது. மூன்றையும் செய்துவிட்டுக் கடைசியில் எண்ணியும் பாருங்கள்.

எந்த நேரத்தில், எந்த மாதத்தில் எடுக்கலாம்?

நம் ஊர் வெயிலில் பகல் 11 மணிக்கு எடுத்தால் திண்ணைக்குள் இருட்டு, தெரு முழுக்க வெள்ளை. நிழலும் நகர்ந்துகொண்டே இருக்கும், நிழலின் விளிம்பையே சுவரின் கோடு என்று மாடல் எடுத்துக்கொள்ளும். மேகமூட்டம்தான் வேண்டும். அம்பை, பாபநாசம், தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனி ஆடியில் சாரல் கட்டி நிற்கும் காலை நேரம் மாதிரி சீரான வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. டவுன், பாளையங்கோட்டைப் பக்கம் என்றால் சூரியன் ஏறுவதற்கு முந்திய ஒரு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையிலும் மேகம் உண்டு. ஆனால் நனைந்த சுவர் ஒரு நிறம், காய்ந்த சுவர் வேறு நிறம். பாதியில் மழை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது.

வீட்டுக்குள் பிளாஷ் போடாதீர்கள். நாம் நகர்ந்தால் பிளாஷ் நிழலும் நகரும். ஸ்டாண்டில் வைத்து டைமர் போட்டு எடுங்கள்.

மாடலில் அளவு சரியாக இருக்குமா?

படங்களிலிருந்து வடிவம் வரும், அளவு வராது. இதைப் பலர் நம்புவதில்லை. பொம்மை வீட்டைக் கிட்ட நின்று எடுத்தாலும் நிஜ வீட்டை எட்ட நின்று எடுத்தாலும் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் முன்பின் காட்டும், ஒரு வீட்டை அளக்க அது ஆகாது. பரங்கிமலையில் சங்கிலி போட்டு அளந்தது போல நாமும் ஒரு நீளத்தைத் தரையில் அளந்தாக வேண்டும்.

எதை அளப்பது என்பதில் கவனம் வேண்டும். நிலைக்கதவின் 3 அடி அகலத்தை அளந்து, அதில் கால் அங்குலம் தவறினால், 60 அடி நீள வீட்டில் அது 5 அங்குலமாகப் பெருகும். அதனால் நீளமானதை அளக்க வேண்டும். ஆச்சி வீட்டில் நடையிலிருந்து புறவாசல் வரை ஒரே நேர்க்கோடு கிடைத்தது. சித்தப்பா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முனையிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட தாளை ஒட்டி, அந்தத் தாள்கள் பல படங்களில் விழும்படி எடுத்தேன். மாடலில் அந்த இரண்டு புள்ளிகளையும் குறித்து, டேப் சொன்ன நீளத்தைக் கொடுத்தால் முழு வீடும் அளவுக்கு வந்துவிடும்.

அதோடு விட்டுவிடாமல் வேறு இரண்டு மூன்று இடங்களையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அவற்றை மென்பொருளுக்குச் சொல்லக் கூடாது, பரீட்சைக் கேள்வி அவை. முற்றத்தின் குறுக்களவு டேப்பில் 9 அடி 4 அங்குலம், மாடலில் 9 அடி 3½ அங்குலம் வந்தது. எனக்கு அது போதும்.

நிமிர்வுக்கு ஒரு வழி இருக்கிறது. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, கொஞ்சம் தடித்த வண்ணக் கயிற்றில் கட்டி உத்திரத்திலிருந்து தொங்கவிட்டு, அதுவும் படத்தில் விழட்டும். மாடலில் எது செங்குத்து என்று அந்தக் கயிறு சொல்லிவிடும். பழைய வீட்டில் சுவரை நம்ப முடியாது, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கத்தானே இத்தனை பாடு.

என்ன மென்பொருள்? என் லேப்டாப் தாங்குமா?

கோல்மேப், மெஷ்ரூம், வெப்ஓடிஎம் மூன்றும் இலவசம், மூல நிரலும் திறந்தது. மெஷ்ரூமை முழுக்கப் பயன்படுத்த என்விடியா கிராபிக்ஸ் அட்டை வேண்டும். கோல்மேப் அது இல்லாமலே படங்களைப் பொருத்திவிடும், ஆனால் அடர்த்தியான பரப்பை உருவாக்க அந்த அட்டையைக் கேட்கும். வெப்ஓடிஎம் அட்டை இல்லாமலும் மெதுவாக ஓடும். ரியாலிட்டி ஸ்கேன் என்ற மென்பொருள் வேகத்துக்குப் பெயர்போனது. வருட வருமானம் 10 லட்சம் டாலருக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம், நம்மில் யாரும் கவலைப்பட வேண்டாம். மெட்டாஷேப் காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஒரு தொழிலாகவே செய்கிறவர்கள் அதை வைத்திருப்பார்கள்.

சாதாரண லேப்டாப்பில் 600 படம் என்றால் ராத்திரி ஓடவிட்டுப் படுக்கப் போக வேண்டியதுதான். 16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. படங்களை அறைவாரியாகத் தனித்தனி போல்டரில் வைத்து முதலில் ஓர் அறையை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அந்த வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஓட்டினால் இன்னும் நல்லது, விட்டுப்போனதை உடனே எடுத்துவிடலாம்.

மாடல் இரண்டு துண்டாக வந்துவிட்டது. இனி என்ன?

துண்டுகளுக்கு நடுவே பாலமாகப் படங்கள் இல்லை என்று அர்த்தம். திரும்பப் போக முடிந்தால், அதே வெளிச்சத்தில் அந்த வாசலில் இருபது படம் கூடுதலாக எடுத்துச் சேருங்கள். போக முடியாவிட்டால், இரண்டு துண்டிலும் தெரியும் நான்கைந்து புள்ளிகளைக் கையால் குறித்துச் சேர்க்கலாம். சேரும், ஆனால் அந்த இடத்தில் ஒட்டுப்போட்டது தெரியும்.

வீடியோவாக எடுத்துவிட்டால் வேலை சுலபம்தானே?

சுலபம், தரம் குறையும். 4கே வீடியோவின் ஒரு பிரேம் 8 மெகாபிக்சல்தான், அதிலும் நடக்கும் அசைவு கலங்கலாகப் பதிந்திருக்கும். வேறு வழியில்லாத அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) உள்ள போன் வாங்கட்டுமா?

இதற்காகவே வாங்க வேண்டாம். 2020ல் வந்த ஐபோன் 12 புரோ முதல் புரோ வகைகளில் அது இருக்கிறது. எட்டுவது 5 மீட்டர் வரை. வெள்ளைச் சுவர் அறைகளை நிமிடத்தில் பிடித்துவிடும், அந்த விஷயத்தில் படமுறையைவிட மேல். ஆனால் கதவில் இருக்கும் பூவேலை மழுங்கிப்போகும். கோபுரத்துக்கு எட்டவே எட்டாது.

காஸியன் ஸ்ப்ளாட்டிங் வந்த பிறகு இதெல்லாம் பழசாகிவிட்டதா?

2023ல் வந்த அந்த முறை கண்ணுக்கு விருந்து. வாழை இலை, கம்பி ஜன்னல், பளபளக்கும் தரை எல்லாம் நிஜம் போலவே வரும். பரப்புக்குப் பதிலாக லட்சக்கணக்கான மங்கலான வண்ணத் திட்டுகளை அடுக்கி அது காட்சியை உண்டாக்குகிறது. அதனால் பார்ப்பதற்கு உகந்தது, டேப் வைத்து அளக்க உகந்ததல்ல. அதற்கும் முதல் படி இதே படப் பொருத்தம்தான். பலர் கோல்மேப்பில் பொருத்திவிட்டுத்தான் அங்கே போகிறார்கள். நீங்கள் ஒழுங்காக எடுத்த படங்கள் இரண்டுக்கும் ஆகும்.

கோயிலுக்குள் எடுக்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய உத்தரவிட்டது. செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, எந்த மண்டபம், எந்த நேரம், எதற்காக என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். மூலஸ்தானத்தின் பக்கம் போகமாட்டோம் என்று நாமே முதலில் எழுதிவிடுவது நல்லது. கிடைக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். தெருவிலிருந்து கோபுரத்தையும் மதிலையும் எடுத்துப் பழக நிறைய இருக்கிறது.

கூரையை எடுக்க ட்ரோன் பறக்கவிடலாமா?

முதலில் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பகுதிகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 250 கிராமுக்குள் இருக்கும் சின்ன ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை, ஆனால் சிவப்புப் பகுதியில் அதற்கும் சலுகை கிடையாது. நம் மாவட்டத்திலேயே கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் மூன்றும் இருக்கின்றன. ராதாபுரம், நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் இருப்பவர்கள் ரொம்பவே யோசிக்க வேண்டும்.

ஒரு மாடி வீட்டுக்கு ட்ரோனே வேண்டாம். எதிர்வீட்டுத் தட்டட்டியிலிருந்து (மொட்டை மாடி) எடுங்கள். மிச்சத்துக்கு ஒட்டடைக் கம்பில் போனை இறுக்கிக் கட்டி, டைமர் போட்டுத் தூக்கிப் பிடித்தால் ஓட்டுக்கூரை முழுக்க வந்துவிடும். கம்பு ஆடும், பாதிப் படம் கலங்கும், கலங்கியதை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு மெனக்கெட்டு என்ன பிரயோஜனம்?

ஆளுக்கு ஆள் வேறு. 2023 டிசம்பர் 17, 18ல் பெய்த மழையை நம் பக்கம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு, ஜங்ஷன் பஸ் நிலையம் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு சுவரில் சேற்றுக்கோடு இருக்கும், வெள்ளையடித்தால் அதுவும் போய்விடும். அளவுக்குக் கொண்டுவந்த மாடல் ஒன்று இருந்தால், எந்த அறையில் தரையிலிருந்து எத்தனை அடி ஏறியது என்று எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். சுவிட்ச் பெட்டியை எங்கே தூக்கி வைப்பது என்று தீர்மானிக்க எனக்குத் தெரிந்த ஒருவர் அதைத்தான் செய்தார்.

சுவர் பிதுங்குகிறதா, உத்திரம் தொய்கிறதா என்று கண்காணிக்க, வருடம் ஒரு முறை எடுத்து, கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் இரண்டு மாடல்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். மாறிய இடம் நிறத்தில் தெரியும். ஆனால் போன் படத்தில் வரும் மாடலுக்கு ஒரு வீடு அளவில் ஒன்றிரண்டு செ.மீ. பிழை சகஜம். மயிரிழை விரிசல் வளர்கிறதா என்று பார்க்க இதை நம்பாதீர்கள். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி உடைகிறதா என்று பார்க்கும் பழைய முறையே மேல்.

பாகப்பிரிவினைக்கு இந்த மாடலைக் காட்டலாமா?

பேசித் தீர்க்க உதவும், பத்திரத்துக்கு உதவாது. அங்கே சர்வேயர் அளந்த வரைபடம்தான் செல்லும். எங்கள் வீட்டில் எது பொதுச்சுவர் என்று இரண்டு மாமாக்களுக்கு நடுவே பல வருடமாக ஓடிய தகராறு, மாடலை டிவியில் போட்டுச் சுற்றிக் காட்டியதும் கொஞ்சம் அடங்கியது. முழுக்க அடங்கவில்லை.

வீடு ஏற்கெனவே இடிந்துவிட்டது. பழைய ஆல்பம் இருக்கிறது. முடியுமா?

சில சமயம். 2001ல் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தர் சிலையைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பழைய படங்களிலிருந்து கம்ப்யூட்டரில் மீட்டார்கள். அவர்களுக்கு 1970ல் அளவைக்காகவே எடுத்த படங்கள் கிடைத்தன. கல்யாண ஆல்பத்தில் ஆட்கள்தான் சுவரை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். முகப்பு மட்டும் வெவ்வேறு கோணத்தில் பத்துப் படம் இருந்தால் முயன்று பார்க்கலாம். இருக்கிற ஆல்பத்தை முதலில் நன்றாக ஸ்கேன் செய்யுங்கள்.

கடைசியில் எதைப் பத்திரப்படுத்துவது, மாடலையா படங்களையா?

படங்களை. மூலப் படங்களைச் சுருக்காமல், வெட்டாமல், திருப்பாமல் இரண்டு தனி ஹார்டு டிஸ்கில் இரண்டு வீடுகளில் வையுங்கள். மாடலைத் திரும்பச் செய்துகொள்ளலாம். ஆச்சி வீட்டுப் படங்களைச் சில வருடம் கழித்துப் புது மென்பொருளில் மறுபடி ஓட்டினேன். முதல் மாடலில் வெறும் இருட்டாக இருந்த புறவாசல் மூலையில், இந்தத் தடவை துவைக்கல்லும் அதன் பக்கத்தில் கவிழ்த்துவைத்த வாளியும் வந்தன. இடித்தபோது அந்தக் கல் எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை.

செல்போனிலேயே முடித்துத் தருகிற செயலிகளில் பல, படங்களைத் தங்கள் சர்வருக்கு ஏற்றித்தான் வேலை செய்கின்றன. பூட்டு எங்கே, பீரோ எங்கே, ஜன்னல் கம்பி எது ஆடுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆள் குடியிருக்கும் வீடு என்றால் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள், மாடலைப் பொதுவில் போடுவதற்கு முன் படுக்கையறையை வெட்டிவிடுங்கள். டேப் அளவு எழுதிய காகிதத்தையும் ஒரு படம் எடுத்து அதே போல்டரில் போட்டுவையுங்கள், அந்தக் காகிதம்தான் முதலில் தொலையும்.